மார்கழி, தைக் குளிரில் உங்கள் ஊர் எப்படி இருந்தது? பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம்?

தாமிரபரணிக்காரி:

எனக்கு ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம், ஆற்றங்கரைக் கிராமம். கல்யாணமாகி வந்ததிலிருந்து சென்னைதான். பிள்ளைகள் இரண்டு பேரும் ஊரைப் பார்த்ததெல்லாம் மே மாத விடுமுறையில் மட்டும், அதனால் ஊர் என்றால் வெயிலும் வேர்க்குருவும் நுங்கும் என்றுதான் அவர்கள் மனதில் இருக்கிறது. எனக்கோ ஊர் என்றால் மார்கழியும் தையும்தான்.

விடியற்காலை கோயில் குழாயில் திருப்பாவை கேட்க ஆரம்பித்ததும் ஆச்சி போர்வையை உருவிவிடுவாள். வாசல் தெளிக்க அவள், கோலம் போட அம்மா, பூசணிப்பூ பறித்து வர நான். எங்கள் தெருவில் பூசணிக்கொடி இருந்தது ஒரே வீட்டுக் கூரையில்தான், அதனால் முதலில் போகிறவளுக்குத்தான் நல்ல பூ. அந்த வீட்டு மதினி, "ஆண்பூவா பார்த்துப் பறி, பிஞ்சு இருக்கிறதைத் தொடாதே" என்று உள்ளேயிருந்தே சத்தம் கொடுப்பாள். பறித்துவந்த பூவைச் சாணிப் பிள்ளையார் மேல் குத்திக் கோலத்தின் நடுவில் வைத்துவிட்டு ஆற்றுக்கு ஓடுவோம். படித்துறையில் நின்றால் பல் கிட்டும், தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், வெளியே வரவே மனசு வராது. திரும்பி வரும்போது பெருமாள் கோயிலில் தொன்னையில் சூடாக வெண்பொங்கல். உதடு வெடித்து எரியும், மிளகு பட்டால் இன்னும் எரியும், அப்படியும் விடமாட்டோம்.

இந்த வருடம் எப்படியாவது கூட்டிப்போக வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். அரையாண்டு விடுமுறையா, பொங்கல் விடுமுறையா என்றுதான் குழப்பம். இரண்டுக்கும் போக என் வீட்டுக்காரருக்கு லீவு கிடையாது. உங்கள் ஊர்ப் பக்கம் இந்த மாதங்களில் என்னென்ன இருந்தது, இப்போதும் எது மிச்சம் இருக்கிறது, பிள்ளைகள் கையால் செய்து பார்க்கிற மாதிரி என்ன உண்டு என்று சொல்லுங்கள். எந்த மாவட்டமாக இருந்தாலும் சரி. படிக்கவே ஆசையாக இருக்கிறது.

கொற்கைப் பக்கத்தான்:

நம்ம ஊர்ப் பக்கமே இருக்கிறீர்கள், அதனால் நேராகச் சொல்கிறேன். பொங்கல் விடுமுறைக்குப் போங்கள். இரண்டு காரணம்.

ஒன்று பனங்கிழங்கு. ஆடி, ஆவணியில் விழுந்த பனம்பழத்தின் கொட்டையை மணலில் பாத்தி கட்டிப் புதைத்தால், மார்கழிக் கடைசியில் தொடங்கித் தை முழுக்க நல்ல கிழங்கு. டிசம்பர் கடைசியில் பிடுங்கினால் இளசாக, சப்பென்று இருக்கும். பொங்கலுக்கு முந்தைய வாரம் பார்த்தால் திருச்செந்தூர் ரோடு நெடுக, கரும்புக் கட்டுக்கும் மஞ்சள் குலைக்கும் பக்கத்தில் கிழங்குக் கட்டுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். ஆனால் பிள்ளைகளுக்குக் கடையில் வாங்கிக் கொடுத்தால் போதாது. யாராவது பாத்தி போட்டவரிடம் சொல்லி, அவர்களையே மண்ணைத் தோண்டிக் கிழங்கு எடுக்க விடுங்கள். கிழங்கை எடுத்த பிறகு அந்தக் கொட்டையை அரிவாளால் இரண்டாகப் போட்டால் உள்ளே வெள்ளையாக, பஞ்சு மாதிரி, தின்கிற தவுண் இருக்கும். நாங்கள் அந்தத் தவுணுக்காகவே தோண்டப் போவோம்.

இரண்டாவது, சிறுவீட்டுப் பொங்கல். உங்களுக்குத் தெரிந்திருக்கும், மற்ற மாவட்டத்துக்காரர்களுக்காக எழுதுகிறேன். மார்கழியில் கோலத்தில் வைத்த சாணிப் பிள்ளையாரையும் பூவையும் தூக்கி எறிவதில்லை. அன்றன்றைக்கு எடுத்துச் சின்ன எருவாகத் தட்டிக் காயவைத்துச் சேர்ப்பார்கள். தையில் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்காக முற்றத்தில் மண்ணால் சின்னதாக ஒரு வீடு கட்டி, அதற்கு வாசலும் அடுப்பும் வைத்து, அங்கே பிள்ளைகள் பெயரில் தனியாகப் பொங்கல் விடுவார்கள். அப்புறம் அந்தப் பொங்கலில் கொஞ்சத்தையும் சேர்த்து வைத்த பூ எருவையும் வாழையிலையில் வைத்து, சூடம் கொளுத்தி, ஆற்றில் விடுவார்கள். தெருவில் உள்ள பெண்பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு போவார்கள். என் தங்கைகளின் இலை எது முன்னே போகிறது என்று பார்த்துக்கொண்டே கரையில் ஓடியது எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. பையன்களுக்குச் சிறுவீடு கிடையாது என்று ஒரு வருடம் அழுதுகொண்டே மண் சுமந்தேன்.

உங்கள் மகளுக்கு அதைச் செய்ய வேண்டுமென்றால் மார்கழி முதல் தேதியிலிருந்தே பூ எரு சேர வேண்டும். வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் இப்போதே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். சிறுவீட்டுப் பொங்கலை வீட்டுக்கு வீடு வேறு வேறு நாளில் வைப்பார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைமடை:

நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம். எங்களுக்குக் குளிர்காலம் என்றால் அது சம்பா. மார்கழியில் கதிர் வந்து, பால் பிடித்து, தலை சாய ஆரம்பிக்கும். விடிந்து வெகுநேரம் வரை பனிமூட்டம் விலகாது, வரப்பில் நடந்தால் முழங்கால் வரை நனையும். அப்பா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, துண்டைத் தலைப்பாகையாகச் சுற்றி, வாயில் பல்குச்சியோடு வயல் பார்க்கப் போவார். நான் பின்னாலேயே போவேன்.

பிள்ளைகளுக்குப் பிடிக்கிறதாகச் சொல்ல வேண்டுமென்றால் எலிக்கிட்டி. மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்த கிட்டி, தஞ்சாவூர்க் கிட்டி என்பார்கள். கதிர் முற்றும் நேரத்தில்தான் எலித் தொல்லை அதிகம். கிட்டி வைக்கிறவர் சாயங்காலம் ஒரு கட்டு கிட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, எந்த வழியாக எலி போகிறது என்று சேற்றுத் தடத்தைப் பார்த்தே வைத்துவிட்டுப் போவார். விடியற்காலை வந்து எண்ணிக்கை காட்டிக் கூலி வாங்குவார். இருட்டில் எந்தக் கிட்டியை எங்கே வைத்தார் என்று எப்படித்தான் ஞாபகம் வைத்திருந்தாரோ! அந்தக் காலத்தில் எங்களுக்கு அவர்தான் பெரிய ஆள்.

இன்னொன்று உளுந்து. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நெல் நிற்கும்போதே, மண்ணில் ஈரம் இருக்கும்போதே உளுந்தையும் பயறையும் உள்ளே விதைத்துவிடுவார்கள். நெல்லை அறுத்து எடுத்ததும் அடியில் பச்சையாக முளைத்து நிற்கும். அதற்குத் தண்ணீர் பாய்ச்சுவது கிடையாது, மண்ணில் மிச்சமிருக்கிற ஈரமும் தை, மாசிப் பனியும்தான். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று மற்றவர்கள் நடுங்கிக்கொண்டு சொல்வார்கள், எங்கள் அப்பாயி, "துளைக்கட்டும், உளுந்துக்கு ஆச்சு" என்பார்.

இப்போது அறுவடை முழுக்க மெஷின். சக்கரம் ஏறின இடத்தில் உளுந்து நசுங்கிப்போகிறது. அதனாலேயே எங்கள் பக்கம் பல பேர் உளுந்தை விட்டுவிட்டார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். கையால் அறுத்த காலத்தில் பனியில் ஆள் இறங்க முடியாது என்று வெயில் ஏறுகிற வரை களத்தில் வைக்கோலைக் கொளுத்தி எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். ஊர்க்கதை முழுக்க அங்கேதான் காதில் விழும்.

ஆலைக்கொட்டாய்:

கவுந்தப்பாடிப் பக்கம் நாங்கள். ஈரோடு மாவட்டம். அரையாண்டு விடுமுறையா பொங்கலா என்ற கேள்விக்கு, கொங்குப் பக்கம் வருவதாக இருந்தால் எது என்றாலும் சரிதான், ஏனென்றால் வெல்லம் காய்ச்சுகிற கரும்பாலை இரண்டு சமயத்திலும் ஓடும்.

எங்களுக்கு மார்கழி என்றால் கருப்பம்பால் காய்கிற வாசம். பொங்கலுக்கு வெல்லம் வேண்டும், அதனால் அந்த ஒன்றரை மாதம் கொட்டாயில் ராத்திரி பகல் வித்தியாசம் கிடையாது. கரும்பை ஆட்டிச் சாறு எடுத்துப் பெரிய கொப்பரையில் விட்டு, கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ப்பார்கள், அழுக்கு நுரையோடு மேலே வரும், அதை வழித்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்புக்கு விறகு கிடையாது, முந்தின நாள் ஆட்டின கரும்புச் சக்கையையே காயவைத்துத் தள்ளுவார்கள். அடுப்புத் தள்ளுகிறவர் ஒருத்தர், கொப்பரையைப் பார்க்கிறவர் ஒருத்தர், இந்த இரண்டு பேர் கையில்தான் எல்லாமும். பதம் பார்க்கிறவர் ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்து "இறக்கு" என்று சொன்னதும் நாலு பேர் சேர்ந்து கொப்பரையைச் சாய்ப்பார்கள். மரத்தொட்டியில் ஊற்றித் துழாவி, அச்சில் போட்டால் அச்சு வெல்லம், துழாவித் துழாவித் தூளாக்கினால் நாட்டுச்சர்க்கரை. நூறு கிலோ கரும்புக்குச் சுமாராகப் பத்து கிலோதான் கிடைக்கும். பழனி பஞ்சாமிர்தத்துக்கு எங்கள் ஊர்ச் சர்க்கரைதான் போகிறது, அதில் எங்களுக்குப் பெருமை உண்டு.

குளிரில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அந்த அடுப்பைச் சுற்றித்தான். சர்க்கரைவள்ளிக் கிழங்கை அடுப்புச் சாம்பலில் புதைத்து வைத்துவிட்டுக் காத்திருப்போம். தேங்காய்ச் சில்லைக் குச்சியில் குத்திப் பாகில் முக்கித் தருவார்கள். வாழை மட்டையில் ஊற்றித் தருகிற சூட்டுப்பாகு ஆறுகிற வரை பொறுக்கமாட்டாமல் நாக்கைச் சுட்டுக்கொள்வோம். நடுராத்திரி கொட்டாயிலேயே சக்கை மேல் சமக்காளம் விரித்துத் தூங்கிப்போனால், அப்பாரு தூக்கிக்கொண்டு வீட்டில் போட்டுவிடுவார்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பளிச்சென்று மஞ்சளாக இருக்கிற வெல்லம் வாங்காதீர்கள். நிறத்துக்காக ரசாயனம் போட்டது அது. காய்ச்சின வெல்லம் கொஞ்சம் கறுப்பாகத்தான் இருக்கும். கொட்டாய்க்கே பிள்ளைகளைக் கூட்டிவந்து கண் முன்னால் காய்ச்சியதை வாங்கிப் போங்கள், எந்த ஆலைக்காரரும் பிள்ளைகளை வேண்டாம் என்று சொல்லமாட்டார். கொப்பரைப் பக்கம் மட்டும் கையை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

பொங்கலோடு வந்தால் போகியன்று காப்புக் கட்டுவதையும் பார்க்கலாம். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீடு, காடு, கிணறு, கட்டுத்தரை எல்லாவற்றிலும் செருகுவோம். மாட்டுப் பொங்கல் சாயங்காலம் பட்டியில் சின்னதாகத் தெப்பக்குளம் கட்டிப் பொங்கல் வைத்து, மாட்டை அதை மிதித்துப் போகவிட்டு, "பட்டி பெருக, பால் பானை பொங்க" என்று சத்தம் போடுவோம். மறுநாள் பூப்பறிக்கிற நோன்பு, பெண்பிள்ளைகள் கூட்டமாக ஆவாரம்பூ பறிக்கப் போய்க் கும்மியடிப்பார்கள். இது எல்லாம் இன்றைக்கும் நடக்கிறது. காட்டில் பச்சைத் துவரங்காயும் மொச்சைக்காயும் அப்போதுதான், உப்புப் போட்டு வேகவைத்து ஒரு முறம் நிறையக் கொட்டினால் வீடே சுற்றி உட்கார்ந்து உரித்துத் தின்னும்.

தாமிரபரணிக்காரி:

எல்லாரும் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, ரொம்ப சந்தோஷம். கொற்கை அண்ணன் சொன்ன மாதிரி அத்தைக்கு இன்று காலையே போன் போட்டுவிட்டேன், பூ எரு சேர்த்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் பொங்கல்தான்.

எனக்கு ஒரு சந்தேகம், ஆற்றுத் தண்ணீர் ஏன் விடியற்காலையில் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கிறது? மகன் கேட்டால் சொல்ல வேண்டும். அப்புறம் மாவளி சுற்றுவது பற்றி யாருக்காவது தெரியுமா? இவருடைய ஊர் விழுப்புரம் பக்கம், சின்ன வயதில் சுற்றியதாகச் சொல்கிறார், எப்படிச் செய்வது என்று கேட்டால் தாத்தா செய்து கொடுத்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

தீபத்தூர்:

திருவண்ணாமலை மாவட்டத்துக்காரன், மாவளியை நான் சொல்கிறேன். ஆனால் அது கார்த்திகை தீபத்துக்கு, பொங்கலுக்கு இல்லை. அதற்கு நீங்கள் முன்னாலேயே ஒரு நடை போக வேண்டும்.

ஆண்பனையில் வருகிற பூ, நீளமாக விரல் விரலாகத் தொங்குமே, அது காய்ந்து கீழே விழுந்ததைப் பொறுக்கி வர வேண்டும். ஒரு குழி வெட்டி அதில் போட்டுக் கொளுத்தி, நன்றாகத் தணல் ஆனதும் மண்ணைப் போட்டு மூடிவிட வேண்டும். காற்றுப் போனால் சாம்பலாகிவிடும், பிரயோசனமில்லை. மறுநாள் தோண்டினால் கரி. அதை நைசாக இடித்து, பழைய பருத்தி வேட்டித் துணியில் நீளமாகப் பரப்பிச் சுருட்டி, நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். பச்சைப் பனைமட்டையை மூன்றாகப் பிளந்து அதன் நடுவில் இந்தப் பொட்டலத்தை வைத்து இரண்டு முனையையும் கட்டி, ஒரு பக்கம் கயிறு. நுனியில் தணலை வைத்து ஊதிப் பற்றவைத்துவிட்டுத் தலைக்கு மேல் சுற்றினால் பொறி வட்டமாகப் பறக்கும், சுற்றுகிறவனே தெரியமாட்டான். நாங்கள் மலையில் தீபம் ஏற்றினதைப் பார்த்த பிறகுதான் எடுப்போம். அறுத்துப்போட்ட கொல்லையில் போய்ச் சுற்றுவோம், கூரை வீட்டுப் பக்கம் சுற்றினால் அடி விழும்.

உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், பனைமரம் நாலு நின்றால் போதும், ஒரு பைசா செலவில்லை. நைலான் துணி மட்டும் வேண்டாம், உருகிக் கையில் ஒட்டும்.

தண்ணீர் விஷயத்துக்கு: தண்ணீர் சீக்கிரத்தில் சூடாவதும் இல்லை, சீக்கிரத்தில் ஆறுவதும் இல்லை. ராத்திரியில் காற்றும் மண்ணும் சட்டென்று குளிர்ந்துவிடும், தண்ணீர் பகலில் வாங்கின சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். குளிர்ந்த உடம்போடு இறங்குவதால் வெதுவெதுப்பாகத் தெரிகிறது. கிணற்றில் இன்னும் நன்றாகத் தெரியும், ஆவி எழும்பும்.

மலைக்காட்டான்:

கோத்தகிரி. நீங்கள் எல்லாரும் குளிர் என்று சொல்வது எங்களுக்கு நல்ல வெயில் காலம்.

இங்கே உறைபனி. மேகமில்லாமல், காற்றில்லாமல் நட்சத்திரம் தெளிவாகத் தெரிகிற ராத்திரியென்றால் காலையில் பள்ளத்துப் புல் எல்லாம் வெள்ளை. மேட்டில் இருக்கிற தேயிலை தப்பும், பள்ளத்தில் இருப்பது கருகும், ஏனென்றால் குளிர்ந்த காற்று கனம், சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் விடியும் முன்னே எழுந்து மலைக்காய்கறித் தோட்டத்துக்கு ஸ்பிரிங்ளர் போட்டுவிட்டு வருவோம். அதற்கு அப்புறம்தான் டீ. அடுப்படியை விட்டு யாரும் நகரமாட்டார்கள், அவரைக் குழம்பும் ராகிக் களியும் அங்கேயே. இந்தக் குளிரில்தான் எங்கள் படுகர் குலதெய்வமான ஹெத்தை அம்மன் பண்டிகையும் வரும், ஆணும் பெண்ணும் வெள்ளை உடுத்தி ஊர் ஊராக நடந்தே பேரகணிக்கு வருவார்கள். ஆயிரக்கணக்கில் வெள்ளை உடை தேயிலைச் சரிவில் இறங்கி வருவதை ஒருமுறை வந்து பாருங்கள். பிள்ளைகளுக்குக் காதை மூடுகிற குல்லா முக்கியம், ஸ்வெட்டர் மட்டும் போதாது.

வலிகாமம்:

பனங்கிழங்கு என்ற சொல்லைக் கண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் யாழ்ப்பாணம். மாரி மழை ஓய்ந்து வாடைக்காற்று அடிக்கத் தொடங்கினால் எங்களுக்கும் அதே பனம்பாத்தி, அதே கிழங்குதான். ஆனால் நாங்கள் அதை வருடம் முழுக்க வைத்துச் சாப்பிடுவோம். பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை மாவாக்கிப் பிட்டு அவிக்கலாம், மீன், நண்டு, இறால், பயற்றங்காய் எல்லாம் போட்டுக் கூழ் காய்ச்சலாம். புழுக்கொடியலைத் தேங்காய்ச் சொட்டோடு கடித்துத் தின்ன நல்ல பல் வேண்டும். அம்மம்மா கடைசிக் காலத்தில் உரலில் இடித்துச் சர்க்கரை சேர்த்துச் சாப்பிட்டா.

மார்கழியில் எங்களுக்குப் பெரிது திருவெம்பாவை. திருவாதிரைக்கு முன்னால் பத்து நாட்கள், விடிய முன் இளைஞர்கள் கூட்டமாகச் சங்கு ஊதி, சேமக்கலம் என்கிற வெண்கலத் தட்டை அடித்து, திருவெம்பாவை பாடிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக, அதாவது சந்து சந்தாக வருவார்கள். தூரத்தில் கேட்கிற சங்கு கிட்ட வர வர நாங்கள் எழும்பி, வேலிப் படலைக்கு (வாசல் கதவுக்கு) ஓடிவந்து நிற்போம். இடம்பெயர்ந்து இருந்த வருடங்களில் அந்தச் சத்தம் இல்லாமல் மார்கழி வந்ததே தெரியவில்லை. ஊருக்குத் திரும்பி வந்த பிறகு முதல் தடவை கேட்டபோது அப்பா படுக்கையிலேயே எழும்பி உட்கார்ந்து அழுதார். இப்போதும் எங்கள் ஒழுங்கையில் வருகிறார்கள், ஆட்கள் குறைவு, ஆனாலும் வருகிறார்கள்.

தாமிரபரணிக்காரி:

வலிகாமம், படித்துவிட்டு நானும் அழுதுவிட்டேன். ஒடியல் கூழ் எப்படிக் காய்ச்சுவது என்று தனியாக ஒரு பதிவு போடுங்கள். தீபத்தூர் அண்ணனுக்கு நன்றி, இவரிடம் படித்துக் காட்டினேன், "ஆமாம், துணியைத் தாத்தா சாணியில் முக்கிப் பூசினார்" என்று இப்போதுதான் அவருக்கு ஞாபகம் வருகிறது. கார்த்திகைக்கு அவர் ஊர், பொங்கலுக்கு என் ஊர் என்று பேசி முடித்துவிட்டோம், லீவு எப்படியோ பார்த்துக்கொள்வார்.

கடைசியாக ஒன்று, தோண்டி எடுத்த கிழங்கை வேகவைப்பது எப்படி? அம்மா இருந்தவரை நான் தின்ன மட்டும்தான் செய்தேன்.

கொற்கைப் பக்கத்தான்:

மேல்தோலை உரிக்காதீர்கள். மண் போகக் கழுவி, நுனியையும் வேர்ப்பக்கத்தையும் நறுக்கி, பானையில் நெட்டுக்குத்தாக அடுக்குங்கள். மூழ்கத் தண்ணீர், கைப்பிடி கல்லுப்பு, மஞ்சளைத் தட்டிப் போட வேண்டும். விறகடுப்பில் ஒரு மணி நேரமாவது வேகட்டும், குக்கரில் வைத்தால் வெந்துவிடும், ஆனால் அந்த வாசனை வராது. ஆறினதும் தோலை உரித்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, நடுவில் இருக்கிற குருத்தை எடுத்துப்போட்டு, நாரைக் கிழித்துக்கொண்டே சாப்பிட வேண்டும். பிள்ளைகளுக்கு நார் உரிக்கத் தெரியாது, பொடிசாக நறுக்கி உரலில் போட்டு, தேங்காய், பச்சை மிளகாய், பூண்டு, உப்பு சேர்த்து இடித்துக் கொடுங்கள். காரம் வேண்டாமென்றால் கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டி வீட்டில் இருக்கும்தானே?

பாத்தி போட்டவர் யாரும் கிடைக்காவிட்டால் இங்கேயே எழுதுங்கள். எங்கள் விளையில் இந்த வருடம் இரண்டு பாத்தி போட்டிருக்கிறோம், பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தோண்டப் போகிறோம், பிள்ளைகளுக்கு ஒரு ஓரத்தைத் தோண்டாமல் விட்டுவைக்கச் சொல்கிறேன்.